யோசித்தது போதும், சீட்டைப் போடுங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த பெரிய போக்கர் சீட்டாட்டப் போட்டிக்கு விடியற்காலையிலேயே காரை எடுத்தேன். 2003இல் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் போட்டியை ஜெயித்த கிறிஸ் மணிமேக்கரும் அப்போது என்னைப் போலக் கணக்கு எழுதியவர்தானே என்ற நம்பிக்கை. நுழைவுக் கட்டணம் ஒரு வருடச் சேமிப்பு. சரி, அது நானாகச் செய்தது.

ஆனால் எதிரே கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த ஆள்! ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு சிப்பை, அதாவது பந்தயம் கட்டும் வில்லைகளை, விரலிடுக்கில் உருட்டி உருட்டி யோசிப்பார். அப்புறம் அந்த ஆட்டம் வேண்டாமென்று சீட்டைத் தள்ளிவிடுவார். சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்துக் கட்டாயமாகக் கட்ட வேண்டிய பிளைண்ட் தொகையோ கடிகாரப்படி ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டும் ஏஸாக இருப்பதுதான் சிறந்த தொடக்கம்; அது வருவதே சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. இப்படி இழுத்தடித்தால் நல்ல சீட்டுக்கு நான் எப்படிக் காத்திருப்பது? இருந்த சிப்பெல்லாம் காத்திருந்தே கரைந்தது. ஆளுக்கு 30 வினாடி என்று கடிகாரம் வையுங்களேன்!