கேமரா லென்ஸில் ஸ்பிரே அடிக்காதீர்கள்!

மீட்டிங் ரூம் கேமரா மேல் நேராக ஸ்பிரேயைப் பீய்ச்சி அடிக்கிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. சுத்தம் செய்கிறார்களாம்! அடித்த திரவம் லென்ஸிலேயே நின்றுவிடுமா? வழிந்து விளிம்பு இடுக்கில் இறங்கும், மைக் துளைக்குள் போகும், தலை சுழலும் கேமரா என்றால் மோட்டார் வரைக்கும் போகும்.

எங்கள் அலுவலகத்துக் கேமராவைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். லென்ஸைச் சுற்றி வெள்ளையாக ஒரு படலம், நடுவில் வட்ட வட்டமாகக் கீறல். ஜன்னல் துடைக்கிற அமோனியா கலந்த திரவத்தை டிஷ்யூ பேப்பரில் நனைத்துத் தேய்த்ததன் பலன். ஒளி பிரதிபலிக்காமல் இருக்க லென்ஸ் மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது. அமோனியா, ப்ளீச், அசிட்டோன் எல்லாம் அதைக் கெடுக்கக் கூடியவை. டிஷ்யூவைத் தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல்தான் மிச்சம். அப்புறம் படம் மங்கலாகத் தெரிந்ததும் பழி இன்டர்நெட் மேல்!

இன்னொரு கொடுமை, பின்பக்கம் துடைக்க வேண்டும் என்று கேமராவின் தலையைக் கையால் பிடித்துத் திருகுவது. அது மோட்டாரில் சுழல்வது ஐயா! உள்ளே பல்சக்கரம் இருக்கிறது.

இதில் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிற விஷயம் என்னவென்றால், உயரத்தில் மாட்டியிருக்கும் கேமராவை யாருமே தொடுவதில்லை. அதற்குத்தான் இத்தனை கிருமிநாசினி. ஆளாளுக்குக் கைமாறும் ரிமோட், டச் பேனல், மேசை மேல் இருக்கும் மைக்கின் மியூட் பட்டன் இதையெல்லாம் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரிமோட்டில் வால்யூம் பட்டனைச் சுற்றிக் கறுப்பாக அழுக்கு அப்பிக் கிடக்கிறது. அதைத் தொட்ட கையோடுதான் எல்லோரும் சாப்பிடப் போகிறோம்.

செய்ய வேண்டியது கம்பசூத்திரமும் இல்லை. முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். லென்ஸ் தூசியைக் கையால் அமுக்கும் ஊதியால் ஊதுங்கள், பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். கறை இருந்தால் லென்ஸுக்கென்றே விற்கும் திரவத்தில் இரண்டு சொட்டு, அதுவும் துணியில்தான். ரிமோட்டுக்கும் பேனலுக்கும், தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால், 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணி போதும். 99% வாங்கினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். அது சட்டென்று ஆவியாகிவிடும். கிருமியைக் கொல்ல, 70% ஆல்கஹாலில் மீதியாகக் கலந்திருக்கும் தண்ணீரும் வேண்டும். பூசிய கையோடு உலர்ந்த துணியால் துடைத்து எடுத்தாலும் வீண்தான். லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரம் இருக்க வேண்டும்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? துப்புரவு ஊழியர்களைத் திட்டுவதில் நியாயமே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலைக் கையில் கொடுத்தது யார்? அவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினார்களே, கூடவே ஒரு துணியை வாங்கிக் கொடுத்து, எப்படித் துடைப்பது என்று ஐந்து நிமிடம் நின்று காட்ட நிர்வாகத்தில் ஒரு ஆள்கூடவா இல்லை?