முதலில் பிறப்புப் பதிவைப் பாருங்கள்

ஜப்பானின் ஷிகெச்சியோ இசுமி 120 வயது வாழ்ந்ததற்கு உணவுப் பழக்கமே காரணம் என்கிறது நீண்ட ஆயுள் பற்றிய ஒரு கட்டுரை. அந்த வயதே சந்தேகத்துக்குரியது. 1986இல் இறந்த அவருக்குக் காட்டப்பட்ட பிறப்புப் பதிவு, சிறுவயதில் இறந்துபோன அண்ணனுடையதாக இருக்கலாம். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது பல ஊர்களில் வழக்கம். அப்படியானால் உண்மை வயது 105தான்!

ஆகவே ஒரே சான்றிதழை நம்பி வயதை ஏற்கக் கூடாது. உடன்பிறந்தோர் அனைவரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் எடுக்க வேண்டும். சிறுவயதில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, திருமணப் பதிவு, பிள்ளைகள் பிறந்த ஆண்டு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். உலகிலேயே அதிக வயது வாழ்ந்தவராக ஏற்கப்படும் பிரான்சின் ழான் கல்மானுக்கு (1875–1997) ஆர்ல் நகரில் இப்படித் தொடர்ச்சியான பதிவுகள் உள்ளன. 1934இல் இறந்தது பதிவில் உள்ளபடி மகள் அல்ல, தாய் கல்மான்தான்; மகளே அவர் பெயரில் வாழ்ந்தார் என்று 2018இல் கிளம்பிய வாதத்தைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கவில்லை.