பேட்ஜைப் படித்துவிட்டுப் பேசுகிறவர்களுக்கு

தொழில் மாநாடுகளில் யாரோடு பேசுவது என்று ஒரு பேச்சாளர் மேடையில் கொடுத்த 'இரண்டு நிமிட' அறிவுரையைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். முதலில் எதிரில் நிற்பவர் கழுத்தில் தொங்குகிற பேட்ஜைப் பார், ஆள் உனக்குப் பயன்படுவாரா என்று கணக்குப் போடு, இல்லையென்றால் இரண்டே நிமிடத்தில் கழன்றுகொள். அரங்கமே கைதட்டியது. நேற்றிலிருந்து அந்த வீடியோவை 'செம டிப்ஸ்' என்று எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

யார் நமக்குப் பயன்படுவார் என்று பேட்ஜில் எழுதியிருக்காது. பெயரும் கம்பெனியும்தான் இருக்கும்.

இது என் ஆதங்கம் மட்டுமில்லை. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையை தொழில் தொடர்புகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். பாஸ்டன் புறநகர் ஒன்றில், தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திக்கிற ஒருவரால் வேலை கிடைத்தவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற, அல்லது பார்த்தே வெகுநாளான ஆள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்திலிருந்துதான் வரும். அந்தத் தூரத்து ஆளை எந்த பேட்ஜை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிப்பீர்கள்?

ஒரு மாநாட்டில் கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, பழைய டேட்டாபேஸைப் புதியதுக்கு மாற்றும்போது ராத்திரி கம்ப்யூட்டரில் தானாக ஓடுகிற வேலைகள் பாதியில் நின்றுவிடுவதாகப் புலம்பினார். அதே சிக்கலோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டித் தீர்த்தவள் நான். மதியச் சாப்பாட்டு வரிசையில் அவரைத் தேடிப்போய்ப் பேச ஆரம்பித்தேன். பார்வை என் கழுத்துக்கு இறங்கியது. கேள்விப்படாத சின்ன கம்பெனி. அடுத்த நொடி கண் என் தோளைத் தாண்டி யாரையோ தேடியது. "ஓகே ஓகே, அப்புறம் பார்ப்போம்." நான் வாக்கியத்தை முடிக்கவில்லை, தட்டோடு நகர்ந்துவிட்டார். அவருக்கு வேண்டிய பதில் என் வாயிலேயே நின்றுபோனது.

"டிக்கெட்டுக்குக் காசு கட்டி வருகிறோம், எல்லாரோடும் பேச நேரம் எங்கே?" என்பீர்கள். நியாயம்தான். எல்லாரோடும் பேச வேண்டாம். நிகழ்ச்சி நிரலை முன்பே படியுங்கள், சந்திக்க வேண்டியவருக்கு ஒரு வாரம் முன்னால் மெயில் போடுங்கள். பேச்சு முடிந்ததும் மேடையை மொய்க்காமல், நல்ல கேள்வி கேட்டவரைத் தேடிப் போங்கள். வாங்கிய கார்டின் பின்னால் என்ன பேசினோம் என்று குறித்துவைத்து, அனுப்புகிறேன் என்று சொன்னதை இரண்டு நாளில் அனுப்புங்கள். இதற்கெல்லாம் யாரையும் பாதிப் பேச்சில் விட்டுப்போகத் தேவையில்லை.

"கூச்ச சுபாவிகள் என்ன செய்வது?" வட்டமாக நின்று பேசும்போது ஒரு ஆள் நுழைய இடம் விடுங்கள் என்று எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருள்காரர் ஒரு எளிய வழி சொன்னார். பேக்மேன் வீடியோ கேமில் வரும் வாய் திறந்த வட்டம்போல இருப்பதால் பேக்மேன் விதி என்று பெயர். அதைச் செய்ய வேண்டியது உள்ளே நிற்கிறவர்கள். கூச்சப்படுகிறவரைத் திருத்தக் கிளம்பாதீர்கள்.

"பெரிய கம்பெனியில் வேலை இல்லையே என்ற வயிற்றெரிச்சல் இது" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பெரிய இடத்திலும் இருந்திருக்கிறேன் சார். அப்போது என்னைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. வேலையை விட்ட மறுவருடம் அதே ஆட்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் அதே ஆள்தான், தெரிந்த தொழிலும் அதேதான். வலித்தது, இன்னும் வலிக்கிறது. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

முதல்முறை மாநாட்டுக்கு வருகிற பிள்ளைகள் ஏற்கனவே பயந்துபோய்ச் சுவரோரம் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து 'பயன்படாத ஆள்' என்று மேடையிலிருந்தே முத்திரை குத்துவதற்குப் பெயர் பயிற்சியா?

பேட்ஜில் பெயரைப் பெரிதாகப் போடுங்கள், கம்பெனி பெயரைப் பின்பக்கம் அச்சடியுங்கள் என்று ஏற்பாட்டாளர்களுக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. வரும்வரை அனுப்புவேன்.