நர்ஸ் என்றால் மட்டும் ஐந்து வருடமா?

வேலூரில் நர்ஸ் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1909-ல், சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் காலத்தில் இங்கே நர்சிங் பள்ளி ஆரம்பித்தது, 1946-ல் அது கல்லூரியாக வளர்ந்தது. இன்றைக்குக் காட்பாடி, குடியாத்தம், ஆரணி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு நர்சிங் கல்லூரி போர்டு கண்ணில் படும். இத்தனை நர்ஸ்களை உருவாக்கும் ஊரில், தங்களைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் தரையைப் பார்க்கிறார்கள். பாடம் எடுக்கிற எங்கள் மீதும் குறை உண்டு. கடைசி வருடத்தில், பரீட்சைக்கு முன் அவசரமாக முடித்துவிடும் பாடமாக அதை வைத்திருக்கிறோம்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கவனக்குறைவால் ஒருவர் இறந்தால், பழைய 304ஏ பிரிவில் யாராக இருந்தாலும் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. புதிய சட்டத்தின் 106(1) அதை ஐந்து ஆண்டாக ஆக்கியது. சிகிச்சை தரும்போது அந்தக் குற்றம் நடந்து, செய்தவர் பதிவு பெற்ற மருத்துவர் என்றால் மட்டும் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. யார் பதிவு பெற்ற மருத்துவர் என்பதற்கு அதே பிரிவில் விளக்கமும் இருக்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்று, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். நர்ஸின் பெயர் இருப்பது நர்சிங் கவுன்சில் பதிவேட்டில். ஆக, மருந்தை எழுதியவருக்கு உச்சம் இரண்டு ஆண்டு, அதே மருந்தை ஏற்றியவருக்கு ஐந்து.

டாக்டர்களுக்குக் கொடுத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை. அதே கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற இன்னொருத்தியை ஏன் விட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது ஏதோ டெல்லி விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு இன்சுலின் ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பியும் உண்டு, அதற்கு ஆரஞ்சு மூடி. ராத்திரி மூன்று மணிக்கு ஸ்டோரில் எது கிடைத்ததோ அதை எடுத்து, 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். டாக்டர் எழுதியது 20, போனது 50. விடியற்காலை சர்க்கரை அளவு தாழ்ந்து, ஊசி போட்டுக்கொண்ட பாட்டி வியர்த்துக் கொட்டிக் கிடப்பாள், தூங்குகிறாள் என்று மகள் நினைத்துக்கொள்வாள். குப்பியில் என்ன எழுதியிருக்கிறது, சிரிஞ்சில் என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் இன்னொரு நர்ஸிடம் காட்டிவிட்டுப் போடு என்பது முதல் வருடப் பாடம். அந்த இன்னொரு நர்ஸ் எங்கே என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அப்புறம் பெயர் கேட்பது. "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்கவே கூடாது. அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைத்து, கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிட வேண்டும். வேலூரில் இது இரண்டு மடங்கு முக்கியம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து படுத்திருப்பவருக்கு நம் தமிழும் புரியாது, நம் இந்தியும் பாதிதான் புரியும், மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவமும் அப்படித்தான். விளக்கிச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆனால் படிவத்தை நீட்டி "இங்க ஒரு கையெழுத்து" என்று வாங்கி வர அனுப்பப்படுவது நர்ஸ். சாட்சி இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், அவர் புரிந்து சம்மதித்ததை நீங்கள் பார்த்ததாக அர்த்தம். பார்க்காமல் போடாதீர்கள்.

போனில் சொல்லும் ஆர்டர் இன்னொரு தலைவலி. "சிஸ்டர், அதைப் போட்டுடுங்க, காலைல வந்து எழுதிடறேன்." உயிர் போகிற நேரத்தில் வேறு வழியில்லை, சரி. அப்போதும் மருந்தின் பெயர், அளவு, எந்த வழி என்று திருப்பிச் சொல்லி "ஆமாம்" வாங்க வேண்டும். நேரத்தையும் யார் சொன்னார் என்பதையும் அப்போதே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எட்டு மணி பிபி, பத்து மணி பிபி எல்லாவற்றையும் டியூட்டி முடியும்போது ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்புகிற பழக்கம் எல்லா வார்டிலும் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் வக்கீல் முதலில் விரல் வைக்கும் இடம் அதுதான்.

வார்டில் ரீல்ஸ் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பின்னால் படுத்திருப்பவரின் முகமும் அவர் நோயும் உங்கள் லைக்குக்கு இல்லை.

இப்போது அந்த இன்னொரு நர்ஸுக்கு வருவோம். இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு, பொது வார்டில் போதனா மருத்துவமனை என்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர், விடுப்புக்காக மேலும் 30 சதவீதம். வாசிக்கும் நர்ஸ்கள் சிரிப்பது கேட்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டிக்கு ஒரு முழுத் தளத்துக்கும் ஒரே ஒரு பெண். படித்து முடித்துப் பதிவு எண்கூட இன்னும் வராதவள். பேஷன்ட்டின் அண்ணன் ஒருவர் அவளிடம், "இன்னாம்மா, பெல் அடிச்சு எவ்ளோ நேரம் ஆவுது?" என்று எகிறுகிறார். அவர் கோபத்தில் தப்பில்லை. ஆனால் இரண்டாவது நர்ஸைப் போடாதவர் காலை பத்து மணிக்குத்தான் காரில் வந்து இறங்குவார், அண்ணனின் கண்ணில் படமாட்டார்.

நஷ்டஈடு வழக்கு என்றால் ஊழியரின் தவறுக்கு நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் நடந்த வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் கட்டண சிகிச்சையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. கிரிமினல் வழக்கில் அப்படி இல்லை. எஃப்ஐஆரில் ஏறுவது, மருந்து கொடுத்ததைக் குறிக்கும் டிரக் சார்ட்டில் கையெழுத்துப் போட்டவள் பெயர்.

அதனால் என் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு டியூட்டி ஆரம்பத்திலும், பொறுப்பை மாற்றிக்கொள்ளும் ஹேண்டோவர் புத்தகத்தில் முதல் வரியாக எழுதுங்கள்: இன்று வார்டில் இத்தனை நோயாளிகள், இத்தனை நர்ஸ்கள், மணி இத்தனை. கண்காணிப்பாளர் முகம் சுளிப்பார், "இதெல்லாம் எதுக்கு எழுதறே" என்பார். ஆள் போதவில்லை என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் கையெழுத்துக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் மெயிலில் அனுப்புங்கள். நர்ஸ் சங்கங்களும் சம்பளக் கோரிக்கையோடு 106(1)-ஐயும் சேர்க்கட்டும். யாருக்கு இரண்டு ஆண்டு என்று சொல்லும் அந்த விளக்கத்தில் நர்ஸையும் சேர்க்கச் சொல்லி நம் எம்.பி.க்கு மனு எழுத யார் யார் வருகிறீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள், வரைவு நான் தயார் செய்கிறேன்.