கழுத்தைத் தேய்த்தால் மாத்திரை வேண்டாமா? தவறு

"கழுத்தின் இரு பக்கமும் தினமும் அழுத்தித் தேய்த்தால் வேகஸ் நரம்பு விழிக்கும், பிரஷர், வலிப்பு மாத்திரைகளை நிறுத்திவிடலாம்" என்று கோத்தகிரிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பாதீர்கள்.

போன வாரம் டீக்கடையில் ஒரு தாத்தா தாடைக்குக் கீழே இரண்டு பெருவிரலையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பதறிவிட்டேன். அங்கே விரலுக்கடியில் துடிப்பது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய். வயதானவர்களுக்கு அதில் கொழுப்பு படிந்திருக்கலாம். அழுத்தினால் அது பெயர்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். டாக்டர்களே ஈசிஜி பார்த்துக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும், சில நொடிதான் அழுத்துவார்கள்.

வேகஸ் மூளைத்தண்டிலிருந்து இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் நரம்பு. மூச்சை மெதுவாக, நீளமாக விட்டால் அதன் வழியாகத் துடிப்பு கொஞ்சம் தணியும். உறைபனிக் காலையில் முகத்தில் தண்ணீர் அடித்தாலும் அப்படித்தான். ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான்.

வலிப்புக்கு வேகஸ் சிகிச்சை இருக்கிறது, சரி. 1997-இல் அமெரிக்கா அனுமதித்தது. அது நெஞ்சுத் தோலுக்கடியில் கருவி வைத்து, கழுத்து நரம்பில் கம்பி சுற்றும் அறுவை சிகிச்சை. அதைச் செய்துகொண்டவர்களும் பெரும்பாலும் மாத்திரையைத் தொடர்கிறார்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம், உயிரே போகலாம்.