தலைமுறை மாற்றம் மட்டும்தானா?

ஒருபாலினத் திருமணத்துக்கு ஆதரவு கூடுவதற்கு முதியோர் மறைந்து இளையோர் வாக்காளராவதே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? 2009இல் அங்கே சுமார் 53 சதவீதத்தினர் வாக்களித்து, ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்த சட்டத்தை ரத்து செய்தார்கள். 2012இல் அதே மாநிலம் வாக்குச்சீட்டின் மூலமே அந்தத் திருமணத்தை அனுமதித்தது. மூன்றே ஆண்டுகளில் எந்தத் தலைமுறை மாறிவிடும்? இடைப்பட்ட காலத்தில் ஆதரவாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். சட்ட உரிமை என்ற வாதத்தைப் பின்னுக்குத் தள்ளி, அன்பு, குடும்பம், வாழ்நாள் பொறுப்பு பற்றிப் பேசினார்கள். தெரிந்தவர் ஒருவரின் வாழ்க்கையாக விஷயம் வந்து நிற்கும்போது அறுபது வயதுக்காரரும் மனம் மாறுகிறார். (மாறாதவர்களும் உண்டு, மறுக்கவில்லை.)

அயர்லாந்தில் 2015 பொதுவாக்கெடுப்பில் 62 சதவீதம் ஆதரவு கிடைத்ததை மட்டும் கட்டுரை சொல்கிறது. தைவானையும் சேர்த்திருக்கலாம். 2018 பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். ஆனாலும் அரசியல் சாசன நீதிமன்றத்தின் முந்தைய தீர்ப்புப்படி 2019இல் தனிச்சட்டம் வந்துவிட்டது. சிறுபான்மையினரின் திருமணத்தைப் பெரும்பான்மையின் வாக்குக்கு விடலாமா என்ற கேள்வியைக் கட்டுரையாளர் ஏன் தொடவேயில்லை?