தெச்சி மட்டும் வைத்தால் புல் நீலன் வராது

தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி வர தெச்சியும் (இட்லிப்பூ) செம்பருத்தியும் வையுங்கள் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பெரிய இனங்களுக்குச் சரி. விரல்நகம் அளவே இருக்கும் புல் நீலன் என்னும் சின்னப் பட்டாம்பூச்சிகளுக்கு உறிஞ்சுகுழல் குட்டை. தெச்சியின் நீண்ட பூங்குழாயில் தேன் எட்டாது. அவற்றுக்கு ஏற்றது நாம் களை என்று பிடுங்கி எறியும் வெட்டுக்காயப் பூண்டு. அதன் மஞ்சள் நடுப்பகுதி ஒரே பூ அல்ல, நெருங்கி நிற்கும் குறும்பூக்கள். குனிந்து கவனித்தால், நீலன் சிறகை மூடிக்கொண்டு ஒவ்வொரு குறும்பூவிலும் குழலை மாற்றி மாற்றிச் செருகுவது தெரியும். எவ்வளவு நேர்த்தி! துளசிக் கதிரையும் கிள்ளாமல் விடுங்கள்.

தேன் இருந்தால் மட்டும் போதாது. வெளிர் புல் நீலனின் புழு புளியாரை இலையைத் தின்றே வளரும். மதில் ஓரம் இரண்டடி அகலத்துக்குப் புளியாரையையும் வெட்டுக்காயப் பூண்டையும் விட்டுவையுங்கள். அடர்ந்துவிட்டால் பாதியை மட்டும் வெட்டி, அது மறுபடி தளிர்த்துப் பூத்த பிறகு மீதியை வெட்டுங்கள். ஒரேயடியாக வெட்டினால் முட்டையும் புழுவும் குப்பையோடு போய்விடும்.

வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று தெளிக்காதீர்கள். இலை தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்களையும் அது பாதிக்கும். செடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் இந்தச் சின்ன உயிர்கள் பூவில் நிற்கவே திணறும். மேற்கே செம்பருத்தி வேலி வைத்துக் காற்றைத் தடுங்கள். பாத்தியில் காலை வெயில் விழ வேண்டும். தென்னை நிழலில் பூ இருந்தாலும் நீலன் அதிகம் வராது.